கறிவேப்பிலை உள்ளே, ஓர்க்கிட் வெளியே

ஒக்டோபர் இரண்டாவது வார இறுதி வந்தால் ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் எங்கள் தெருவில் கறிவேப்பிலைச் சாடிகள் வீட்டுக்குள் போகத் தொடங்கும். பின்னாலே மல்லிகை, எலுமிச்சை, முருங்கைக் கன்று. இனி மே மாதம் வரை அவை யன்னலோரத்தில் வெயிலைத் தேடிக்கொண்டு, ஹீட்டர் காற்றில் இலை கொட்டிக்கொண்டு, செதில்பூச்சியோடு மல்லுக்கட்டித் தாக்குப்பிடிக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு அப்படி ஒரு வார இறுதியில் நான் பின்வளவில் குந்தியிருந்து ஓர்க்கிட் நட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஓர்க்கிட் எண்டு சொல்லுறீர். இந்தக் குளிருக்குள்ள வெளியில நடுறீரே! உள்ளுக்கு வையுமன்.”

“இதுக்குக் குளிர் வேணும் மாமி. உள்ளுக்கு வைச்சால் செத்துப்போம்.”

மாமி நம்பவில்லை. அதில் நியாயமும் இருந்தது. ஓர்க்கிட் என்றால் எங்கள் நினைவுக்கு வருவது பேராதனைப் பூங்காவின் ஓர்க்கிட் வீடு. கலியாண மேடையில் தொங்கும் ஊதாச் சரம். கடையில் பளபளக்கும் தாள் சுற்றி விற்கும் வெள்ளைப் பூ. எல்லாம் வெக்கையும் ஈரமும் கேட்பவை. ஓர்க்கிட் குடும்பத்தில் ஏறத்தாழ 28,000 இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பங்கு வெப்பமண்டலக் காடுகளில் மரத்தில் தொற்றி வாழ்பவைதான். ஆனால் ஒன்ராறியோவின் சொந்த மண்ணிலும் 60 அளவில் ஓர்க்கிட் இனங்கள் இருக்கின்றன. முப்பது வருடம் இங்கே வாழ்ந்தவர்களில்கூடப் பலருக்கு இது தெரியாது. இவை மரத்தில் தொற்றுவதில்லை. மண்ணுக்குள் வேரோடி, குளிர்காலம் முழுக்கப் பனிக்குக் கீழே கிடந்து, வசந்தத்தில் எழும்பி வருகின்றன. அவற்றில் என் கண்ணுக்கு மிக அழகானது லேடீஸ் ஸ்லிப்பர்.

பெயர் சொல்வதுபோலவே அது ஒரு செருப்பு. முன்பக்கம் உருண்டு, வாய் திறந்து, ஒரு குழந்தையின் விரல் நுழையக்கூடிய குட்டிச் சப்பாத்து. சிங்களத்தில் செவ்வரத்தைக்கு ‘சப்பாத்து மல்’ என்று பெயர். அந்த இதழால் சப்பாத்தைத் தேய்த்தால் மினுங்கும் என்பதால் வந்த பெயர் அது. இந்தப் பூவோ உருவத்திலேயே சப்பாத்து. லினேயஸ் 1753இல் ஐரோப்பிய இனத்துக்குப் பெயர் வைத்தபோது சைப்பிரஸ் தீவின் தெய்வமான அஃப்ரோடைற்றியையும் அவள் காலணியையும் சேர்த்து சிப்ரிபீடியம் என்றார். வட அமெரிக்காவில் இதற்கு மொக்கசின் பூ என்றும் ஒரு பெயர். மொக்கசின் என்பது இந்நிலத்தின் பூர்வகுடிகளின் அல்கொங்கிய மொழிகளில் தோல் காலணியைக் குறிக்கும் சொல். கடலுக்கு இரு பக்கமும் மனிதர்கள் இந்தப் பூவில் கண்டது ஒரே பொருளைத்தான்.

கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் இதிலிருந்து அப்படியொரு பூ வரும் என்று சொல்லமாட்டீர்கள். சுண்டுவிரல் நீளத்தில் முடிச்சு முடிச்சான ஒரு வேர்த்தண்டு. அதிலிருந்து சணல்கயிறு தடிப்பில் பழுப்பு வேர்கள் பக்கவாட்டில் பரவி நிற்கும். தரையில் கவிழ்ந்த சிலந்திபோல இருக்கும். நுனியில், முளைவிட்ட உள்ளிப்பல்லை நினைவூட்டும் ஒரு வெள்ளை மொட்டு. அந்த மொட்டை நெடுக்காகப் பிளந்து உருப்பெருக்கியில் பார்த்தால் அடுத்த ஆண்டுக்கான தண்டும் இலைகளும் ஒன்றையொன்று சுற்றி மடிந்து கிடப்பது தெரியும். கோடை முடியும் முன்பே செடி அதைக் கட்டி முடித்துவிடுகிறது. ஒக்டோபரில் நடும்போது, வரப்போகும் மே மாதத்தைத்தான் நாம் மண்ணுக்குள் வைக்கிறோம்.

அந்த மொட்டு விழிப்பதற்குக் குளிர் வேண்டும். சும்மா ஒரு நாள் இரண்டு நாள் குளிர் போதாது. ஐந்து பாகைக்குக் கீழே ஏறத்தாழ மூன்று மாதம். காரணத்தை யோசித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ரொறன்ரோவில் ஜனவரியில்கூடத் திடீரென்று இரண்டு நாள் பனி உருகி, ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு நடக்கலாம் போன்ற இளஞ்சூடு வரும். அந்தச் சூட்டை நம்பி ஒரு செடி தலைநீட்டினால் அடுத்த வாரமே கருகிவிடும். அதனால் குளிர்நாட்டுச் செடிகள் சூட்டை நம்புவதில்லை, குளிரை எண்ணுகின்றன. உறக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும் அப்சிசிக் அமிலம் என்ற சுரப்பு, குளிரில் கிடக்கக் கிடக்க மெல்லக் குறைகிறது. வளர்ச்சியைத் தூண்டும் ஜிபெரலின் மேலோங்குகிறது. போதுமான குளிர்நாட்கள் கழிந்த பிறகு வரும் சூட்டைத்தான் செடி வசந்தம் என்று ஏற்றுக்கொள்கிறது. இதே கிழங்கைக் கொழும்பில் நட்டால் ஒரு முறை துளிர்க்கும். அடுத்த ஆண்டு மொட்டு விழிக்காமலே மண்ணுக்குள் கிடந்து அழியும்.

நாங்கள் ஆறு மாதம் சகித்துக்கொள்ளும் இந்தக் குளிர் இந்தச் செடிக்குத் தண்ணீர் போல, வெளிச்சம் போல ஒரு தேவை. இதை விளங்கிக்கொண்ட நாளிலிருந்து எனக்கு பெப்ரவரி மாதத்தின் மீது இருந்த கோபம் குறைந்துவிட்டது.

பூவுக்கு வருவோம். ஓர்க்கிட் பூவில் உள்ள மூன்று இதழ்களில் ஒன்று மாறி உப்பிப் பையாக ஆனதுதான் அந்தச் சப்பாத்து. பையின் விளிம்பு உள்நோக்கிச் சுருண்டிருக்கும். மஞ்சள் நிறத்துக்கும் மணத்துக்கும் மயங்கி ஒரு சின்னத் தேனீ வாய்வழியே உள்ளே விழுகிறது. உள்ளே தேன் இல்லை. ஒரு சொட்டும் இல்லை. வந்த வழியே ஏறப் பார்த்தால் சுவர் வழுக்குகிறது, சுருண்ட விளிம்பு தடுக்கிறது. பையின் பின்சுவரில் மட்டும் மெல்லிய மயிர்கள் ஏணிபோல மேலே ஏறுகின்றன. அந்தத் திசையில் சுவரும் சற்று மெல்லிதாக, வெளிச்சம் ஊடுருவும்படி இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்துத் தேனீ ஏறுகிறது. மேலே போகப் போக வழி ஒடுங்குகிறது. முதலில் அதன் முதுகு சூலகமுடியில் உரசுகிறது. முன்பு வேறொரு பூவில் பூசிக்கொண்டு வந்த மகரந்தம் இருந்தால் அங்கே இறங்கிவிடும். பிறகு, பின்பக்கத்தில் இடமும் வலமும் இருக்கும் இரண்டு சின்ன வாசல்களில் ஒன்றால் நெருக்கிப் பிதுங்கி வெளியேறுகையில், அந்த வாசலில் காத்திருக்கும் மகரந்தக் கூழ் முதுகில் அப்பிக்கொள்கிறது. ஒழுங்கைக் கவனியுங்கள்: முதலில் சூலகமுடி, பிறகு மகரந்தம். அதனால் ஒரு பூவின் மகரந்தம் அதே பூவில் சேர வாய்ப்பு மிகக் குறைவு.

இந்த ஒருவழிப் பாதையை டார்வினே முதலில் தவறாகத்தான் விளங்கிக்கொண்டார். ஓர்க்கிட் மகரந்தச் சேர்க்கை பற்றி 1862இல் எழுதிய நூலில், பூச்சி வெளியே நின்றபடியே பின்வாசலால் உறிஞ்சுகுழலை நுழைக்கும் என்று கருதினார். ஹார்வர்டில் இருந்த தாவரவியலாளர் ஆசா கிரே அமெரிக்க இனங்களைப் பார்த்துவிட்டு, பூச்சி உள்ளே இறங்கிப் பின்னால் வெளியேறுவதாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார். டார்வின் என்ன செய்தார் தெரியுமா? ஒரு சின்னத் தேனீயைப் பிடித்து, அமெரிக்க மஞ்சள் லேடீஸ் ஸ்லிப்பர் பூ ஒன்றின் வாய்க்குள் தானே போட்டுவிட்டார். அது வாய்வழியே வரப் பார்த்துத் தோற்றது. பிறகு பின்வாசலால் பிதுங்கி வந்தது, முதுகெல்லாம் மகரந்தப் பசையோடு. பிடித்துத் திரும்பவும் போட்டார். இப்படி ஐந்து தடவை. கடைசியில் பையை வெட்டிப் பார்த்தால் சூலகமுடியில் மகரந்தம் பூசப்பட்டிருந்தது. தன் பழைய கருத்தை அவர் வெளிப்படையாகவே திருத்தி எழுதினார். அந்த மஞ்சள் இனம்தான் ஒன்ராறியோவின் சதுப்போரங்களிலும் புரூஸ் தீபகற்பத்தின் வீதியோர வாய்க்கால்களிலும் இன்றும் பூப்பது.

ஏமாற்றுக்கு ஒரு விலை உண்டு. தேன் கிடைக்காத தேனீ விரைவில் பாடம் படித்துக்கொள்கிறது. இரண்டு மூன்று பூவில் ஏமாந்தபின் அந்தப் பக்கம் வராது. இளஞ்சிவப்பு லேடீஸ் ஸ்லிப்பர், அதாவது பிரின்ஸ் எட்வர்ட் தீவின் மாகாணப் பூ, பல இடங்களில் நூறு பூத்தால் ஐந்துகூடக் காய்ப்பதில்லை. இந்த நட்டத்தை அது வேறு வழியில் ஈடுசெய்கிறது: காய்க்கும் ஒரே காயில் பல்லாயிரம் விதைகள்.

அவற்றை விதை என்று சொல்லவே மனம் தயங்கும். காய்ந்த காயைப் பிளந்து வெள்ளைத் தாளில் தட்டினால் பழுப்புத் தூள் கொட்டும், மூச்சுவிட்டால் பறந்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர் நீளம் வரும் வலைப்பின்னல் கூடு, நடுவில் மிகச் சிறிய கரு, மிச்சமெல்லாம் காற்று. எங்கள் பயற்றங்கொட்டையை நினைத்துப் பாருங்கள். அதற்குள் முளைக்குத் தேவையான மாவும் புரதமும் கட்டிக்கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஈரச் சீலையில் சுற்றி வைத்தாலே போதும், முளைத்துவிடும். இந்தத் தூளுக்கு அப்படி எதுவும் கிடையாது. தாய் எதையுமே கட்டிக்கொடுக்காமல் காற்றில் அனுப்பிவிடுகிறது.

அப்படியென்றால் எப்படி முளைக்கிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஐரோப்பியத் தோட்டக்காரர்களை அலைக்கழித்த கேள்வி இது. விதையைத் தூவினார்கள், பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை. 1899 மே மாதம், நொயெல் பெர்னார் என்ற இருபத்தைந்து வயது பிரெஞ்சுக்காரர் பாரிஸுக்குத் தெற்கே ஃபொந்தென்ப்ளோ காட்டில், மண்ணுக்குள் புதைந்துகிடந்த ஒரு ஓர்க்கிட் காயைக் கண்டெடுத்தார். உள்ளே விதைகள் முளைத்துக் கிடந்தன. முளைத்த ஒவ்வொன்றுக்குள்ளும் பூஞ்சண இழைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பூஞ்சணம் இல்லாமல் ஓர்க்கிட் விதை முளைப்பதில்லை என்பதை அவர் அங்கிருந்து நிறுவத் தொடங்கினார்.

நடப்பது இதுதான். மண்ணில் இறங்கிய விதைக்குள் பூஞ்சண இழை நுழைகிறது. ஓர்க்கிட்டின் உயிரணுக்களுக்குள் அது நூல்பந்துபோலச் சுருண்டு நிற்கிறது. சில நாட்களில் உயிரணு அந்தப் பந்தைச் செரித்துவிடுகிறது. பிறகு இன்னொரு பந்து. இலை இல்லை, பச்சையம் இல்லை, வெளிச்சமும் இல்லை. நெல்மணி அளவில் ஒரு வெள்ளைத் திரளாக, மண்ணின் இருட்டில், காட்டின் உக்கல் இலைகளிலிருந்து பூஞ்சணம் கொண்டுவரும் உணவை உண்டு அது ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. பிறகுதான் முதல் இலை வெளியே வரும். அதற்குப் பிறகும் பூக்கப் பல ஆண்டுகள். காட்டில் ஒரு லேடீஸ் ஸ்லிப்பர் விதை பூவாக எட்டு, பத்து, சில வேளை பதினைந்து ஆண்டுகள் போய்விடும். புரூஸ் தீபகற்பத்தில் ஒரு மஞ்சள் பூவைக் கண்டு குனிந்து நின்றபோது எனக்கு ஒரு கணக்கு ஓடியது: இந்த விதை விழுந்த வருடம் பிறந்த பிள்ளை இப்போது உயர்தரப் பாடசாலையில் படித்துக்கொண்டிருக்கலாம்.

இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்த நிலம் முழுவதும் கிலோமீற்றர் தடிப்பான பனிக்கட்டிக்குக் கீழே இருந்தது. இன்று இங்கே இருக்கும் ஒவ்வொரு ஓர்க்கிட்டும் அது உருகிய பிறகு வந்து சேர்ந்ததுதான். தூள்போன்ற விதையின் பலம் அங்கேதான் தெரிகிறது. கட்டுச்சோறு இல்லாததால் எடை இல்லை. எடை இல்லாததால் எந்தத் தூரமும் போகலாம்.

பூஞ்சணத்துக்குப் பதிலாகச் சீனி கொடுத்தாலும் முளைக்கும் என்று 1922இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நுட்சன் காட்டினார். கண்ணாடிக் குடுவையில் அகர் கூழ், கொஞ்சம் சீனி, தாதுப்புகள், கிருமி அற்ற சூழல். உலகத்து ஓர்க்கிட் வணிகம் முழுவதும் அந்தக் குடுவையிலிருந்து பிறந்தது என்றே சொல்லலாம். வெப்பமண்டல ஓர்க்கிட்டுகள் உடனே இணங்கின. சிப்ரிபீடியம் லேசில் இணங்கவில்லை. முற்றிய விதையின் தோல் தண்ணீரையே உள்ளே விடாது. காய் பச்சையாக, தோல் தடிக்கும் முன்பே பிளந்து விதைத்தாலோ, முற்றிய விதையை பிளீச் கரைசலில் ஊறவைத்து எடுத்தாலோதான் முளைக்கிறது. முளைத்த குஞ்சுகளைக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மாதம் வைத்து, ஒரு பொய்க் குளிர்காலம் காட்ட வேண்டும். இந்தக் குடுவைகளில் பல ஆய்வகங்கள் சேர்க்கும் ஒரு பொருள் என்ன என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இளநீர். தேங்காய்க்குள் வளரும் கருவை ஊட்டுவதற்காகவே உள்ள அந்த நீரில் கலம் பிரிவதைத் தூண்டும் சுரப்புகள் இருக்கின்றன. 1941இல் ஊமத்தைக் கருக்களை வளர்க்கப் பயன்பட்டதிலிருந்து அது தாவர ஆய்வகங்களில் நிலைத்துவிட்டது. வடதுருவப் பக்கத்துப் பனியில் தூங்கும் ஒரு பூவுக்குத் தென்னை பால் கொடுக்கிறது.

இந்த வழி கிடைக்கும் முன்பும், கிடைத்த பிறகும், மனிதர்கள் காட்டிலிருந்து தோண்டினார்கள். இங்கிலாந்தில் ஐரோப்பிய மஞ்சள் லேடீஸ் ஸ்லிப்பரைப் பறித்துச் சந்தைகளில் விற்றார்கள். 1917இல் அது அந்நாட்டில் அழிந்துவிட்டதாகவே அறிவித்தார்கள். 1930இல் யோர்க்ஷயர் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு செடி கண்டுபிடிக்கப்பட்டது. இடத்தை வெளியே சொல்லாமல் பல பத்தாண்டுகள் காவல் காத்தார்கள். 1983இல் கியூ தாவரப் பூங்காவில் தொடங்கிய திட்டத்தில் விதையிலிருந்து கன்றுகள் வளர்த்து மீண்டும் நட்டார்கள். அப்படி நட்டவற்றில் முதல் பூ 2000இல்தான் மலர்ந்தது.

இது தூர தேசத்துக் கதை மட்டுமல்ல. தென்னிந்தியத் தீபகற்பத்துக்கென்று ஒரே ஒரு சப்பாத்து ஓர்க்கிட் உண்டு. தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும், பொதிகை என்று நாம் அழைக்கும் அகத்தியமலைத் தொடரில், களக்காட்டுப் பக்கத்து உயர்மலைப் புல்வெளிப் பாறைகளில், 1865இல் ட்ரூரி என்ற ஆங்கிலேய அதிகாரி அதைக் கண்டார். பொன்மஞ்சள் பூ, ஒவ்வொரு இதழின் நடுவிலும் கண்ணுக்கு மையிட்டதுபோல ஒரு கருஞ்சிவப்புக் கோடு. 1874இல் பெடோம் அதற்கு சிப்ரிபீடியம் ட்ரூரி என்று பெயரிட்டார். பிற்பாடு அது பபியோபெடிலம் என்ற வெப்பநாட்டு உறவுப் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. வியாபாரிகள் மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். அழிந்துவிட்டது என்று எழுதிய பிறகு 1972இல் மீண்டும் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த செய்தி பரவியதும் திரும்பவும் அள்ளினார்கள். இன்று அது மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பொதிகை மலையைப் பற்றி இவ்வளவு பாடியும் எழுதியும் இருக்கிற நாம் அந்தப் பூவின் பெயரை ஏன் அறியாமல் இருக்கிறோம் என்பது எனக்கு மனவருத்தம் தரும் கேள்வி.

காட்டுச் செடியைத் தோண்டுவதில் பாவம் ஒருபுறம் இருக்க, அது வீணும்கூட. அந்த வேர்கள் பல வருடம் வாழ்பவை. அறுந்தால் எளிதில் ஈடுசெய்ய முடியாதவை. தோண்டிக் கொண்டுவந்த செடி கிழங்கில் இருக்கும் சேமிப்பை வைத்து ஓரிரு வருடம் பூப்பதுபோலக் காட்டும். பிறகு சிறுத்துக்கொண்டே போய் மறைந்துவிடும். ஒரு முறை நானும் தெரியாமல் அப்படிப்பட்ட ஒன்றை மலிவாக வாங்கினேன். வேரோடு காட்டுப் புல்லின் வேர் பின்னியிருந்தது, ஒரு பக்கம் மண்வெட்டியால் வெட்டுப்பட்டிருந்தது. அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. மூன்றாம் வருடம் அது வரவில்லை. இப்போது வாங்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, குடுவையில் வளர்ந்ததா என்பதுதான். குடுவைக் கன்று பூக்க மூன்று நான்கு வருடம் போகும், பூக்கும் வயதில் வாங்கினால் விலை கூட. இரண்டையும் மனமார ஏற்றுக்கொள்ளலாம்.

எந்த இனத்தை வாங்குவது என்பதில் அஜின்கோர்ட் மண்ணுக்கு ஒரு கருத்து இருக்கிறது. ஹைலண்ட் சிற்றாறு ஓடும் இந்தப் பக்கமெல்லாம் பனிக்கட்டி அரைத்துப் போட்ட களி, சுண்ணாம்பு கலந்தது. நடந்தால் சப்பாத்தை விடாது. பிரின்ஸ் எட்வர்ட் தீவின் இளஞ்சிவப்புப் பூவுக்குப் பைன் மரத்தடிப் புளிப்பு மண் வேண்டும். அதைக் காப்பாற்ற மழைநீரில் வினாகிரி கலந்து ஊற்றுபவர்களும் உண்டு. அதை விட்டுவிடுங்கள். மஞ்சள் இனமும், வெள்ளை இதழும் ரோசாச் சப்பாத்தும் கொண்ட ராணி இனமும் சுண்ணாம்பைப் பொறுக்கும். முதல்முறை நடுபவர்களுக்கு நான் சொல்வது கலப்பினங்களை: கிசெலா, உல்லா சில்கென்ஸ். தாய்தந்தை இரண்டையும் விட முரட்டுத்தனமாக வளரும்.

நான் முதலில் நட்டது அழுகிப்போனது. யாழ்ப்பாணத்துக் கத்தரிக்குச் செய்வதுபோலக் குழி வெட்டி, மாட்டெரு போட்டு, ஆழமாக இறக்கினேன். செடியை அன்பாகத்தான் கொன்றேன். இந்த வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும், எரு வேண்டாம். இப்போது களியை ஒரு முழ ஆழத்துக்கு எடுத்துவிட்டு, பரும்மணலும் பேர்லைற்றும் நிரப்புகிறேன். பேர்லைற் என்பது எரிமலைக் கண்ணாடியைச் சூட்டில் பொரித்தது. நெற்பொரிபோல வெள்ளையாக, எடையில்லாமல் இருக்கும். அதோடு பழைய இலைமக்கு இரண்டு கைப்பிடி. கலவையை நடுவில் குவித்து, கிழங்கைக் குவியல் மேல் வைத்து, வேர்களைச் சுற்றிவர விரித்துவிட்டு, மொட்டின் நுனி ஒரு விரல்கடை மண்ணுக்குக் கீழே இருக்கும்படி மூட வேண்டும். இடம், வீட்டின் கிழக்குப் பக்கம்: காலை வெயில், மத்தியானத்துக்குப் பிறகு நிழல். தெருவோர நோர்வே மேப்பிளின் வேர் எட்டாத தூரம் பார்க்க வேண்டும். அது தண்ணீரை எல்லாம் குடித்துவிடும்.

புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் அணில்கள் சும்மா இருக்காது. மேலே ஒரு துண்டு கம்பிவலை விரித்துக் கல் வைக்கிறேன். உண்மையான ஆபத்து குளிரில்லை, பனி இல்லாத குளிர். ஒரு முழம் பனி விழுந்து கிடந்தால், மேலே காற்று மைனஸ் இருபதில் இருந்தாலும் கீழே மண் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். பனிக்குள் அடைபட்ட காற்று கம்பளிபோலக் காக்கிறது. ஆனால் ரொறன்ரோவில் பனி வருகிறது, உருகுகிறது, வெறும் மண் உறைகிறது, மீண்டும் இளகுகிறது. அந்த உறைதலும் இளகலும் கிழங்கை மேலே தள்ளிவிடும். ஜனவரியில் தெருவில் நகராட்சி வண்டிக்காக வீசிக்கிடக்கும் நத்தார் மரங்களில் இரண்டின் கிளைகளை வெட்டிவந்து பாத்தி மேல் பரப்பினால் போதும். 

கோடையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: இலையை வெட்டாதீர்கள். பூ போனபின் அது அழகில்லாமல் நிற்கும்தான். ஆனால் அந்த இலை சேர்க்கும் மாச்சத்தில்தான் அடுத்த ஆண்டு மொட்டு கட்டப்படுகிறது. ராணி இனத்தின் இலையிலும் தண்டிலும் உள்ள மயிர்கள் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. ஓடில்லா நத்தைகள் மழை இரவுகளில் வரும், ரோர்ச் லைற்றோடு நாமும் போக வேண்டியதுதான்.

பொறுமை எதுவரை கொண்டுபோகும் என்று பார்க்க விரும்புபவர்கள் ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு ஒரு நாள் கிழக்கே லனார்க் பக்கம் கார் ஓட்டிப் போக வேண்டும். அங்கே பேர்டன் காப்பகம் என்று ஒரு ஈரநிலம். 1930களில் ஜோ பேர்டன் என்ற விவசாயி தன் காணியின் சதுப்பில் ராணி லேடீஸ் ஸ்லிப்பர் செடிகளின் ஒரு சிறு கூட்டத்தைக் கண்டார். அவர் அவற்றைத் தோண்டவில்லை, விற்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் பார்த்துப் பராமரித்தார். 1984இல் அந்த நிலம் காப்பக நிர்வாகத்தின் கைக்கு வந்தபோது அந்தக் கூட்டம் 16,000 அளவில் பெருகியிருந்தது. மரப்பலகை நடைபாதையில் நின்றால் இரு பக்கமும் வெள்ளையும் ரோசாவுமாகப் பூ. ஆட்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக் கதைப்பார்கள். கோயிலில் தீபாராதனை நேரத்தில் வருமே, அந்த மாதிரி ஒரு அமைதி.

என் பாத்தியில் இருப்பது இரண்டு தண்டு மட்டும்தான். அந்த ஒக்டோபருக்கு அடுத்த ஏப்ரல் கடைசியில் கிளைகளை அகற்றியபோது மண்ணில் இரண்டு ஊதாப் பச்சை மூக்குகள் தெரிந்தன. பத்து நாளில் அவை சுருட்டிய வெற்றிலைபோல எழும்பின. மே நடுவில் ஒரு இரவு உறைபனி என்று வானொலியில் சொன்னார்கள், வாளியைக் கவிழ்த்து மூடினேன். விக்ரோரியா தின வார இறுதியில் வழக்கம்போலத் தெருவெங்கும் சாடிகள் வெளியே வந்தன. மாமி தன் கறிவேப்பிலையை இரு கையாலும் அணைத்துக்கொண்டு வேலியோரம் வந்தார். ஏழெட்டு இலைதான் மிஞ்சியிருந்தது. என் பக்கம் முதல் மஞ்சள் சப்பாத்து திறந்து இரண்டு நாள்.

“உள்ளுக்கு எடுக்கவே இல்லையோ தம்பி?”

“இல்லை மாமி. பனிக்குள்ளதான் கிடந்தது.”

சாடியை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையின் பின்பக்கம் ஏதோ அசைந்தது. முதலில் இரண்டு உணர்கொம்பு. பிறகு ஒரு கரிய தலை. அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு தேனீ, தோளை ஒரு பக்கம் சரித்து, உடம்பை ஒடுக்கி, முக்கி முனகி வெளியே வந்தது. முதுகில் மஞ்சள் தீற்றல். இலை விளிம்பில் உட்கார்ந்து காலால் முகத்தைத் துடைத்தது.

“உள்ளுக்குத் தேன் இருக்கோ?”

“இல்லை மாமி.”

தேனீ எழும்பிப் பறந்தது. வேலிவரை போய் ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பி வந்து, இரண்டாவது பூவின் வாய்க்குள் இறங்கியது.